அடி உருண்ட குண்டான்

1983 ஜூன் ஆறாம் தேதி வரைவு உத்தரவின் நகல் தண்டலத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்சேபம் சொல்லக் கொடுத்திருந்த அறுபது நாளில் பத்தொன்பது போயிருந்தது.

மண்ணெண்ணெய்த் திரி அடுப்புக்கான உத்தரவு. எண்ணெய் தரும் சூட்டில் நூற்றுக்கு அறுபது பங்காவது பாத்திரத்துத் தண்ணீரில் ஏற வேண்டும். ஏறாத அடுப்பைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. சோதனைக்கு வைக்க வேண்டிய பாத்திரம், அடி தட்டையானது.

கோதண்டத்தின் அடுப்புப் பட்டறையில் சோதனை பார்ப்பவள் மரகதம். மூன்று நாள் தண்ணீரை அளந்து, எண்ணெயை எடை போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினாள். ஐம்பத்து நான்குக்கு மேல் வரவில்லை.

"அறுவது வரலன்னா பதினெட்டுப் பேரும் வூட்ல குந்திக்க வேண்டியதுதான். நான் பத்தொன்பதாவது ஆளு" என்றார் கோதண்டம்.

பாத்திரம் உட்காரும் மூன்று கம்பிகளை அரை அங்குலம் இறக்கிப் பார்க்கலாம் என்று சொன்னவள் மரகதம்தான். இறக்கினார்கள். அறுபத்தொன்று வந்தது. கோதண்டம் எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வரவழைத்தார்.

அன்றைக்கே மரகதம் அந்த அடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோற்றுக் குண்டானை ஏற்றினாள். குண்டானின் அடி உருண்டை. அது தீக்குள் இறங்கித் தீயையே அமுக்கியது. தீ மஞ்சளாகிப் புகைந்தது. சோறு வேகக் கால் மணி நேரம் கூடப் பிடித்தது. நான்கு நாள் எண்ணெயை அளந்து பார்த்தாள். பழைய அடுப்பில் மாதம் முழுக்க வந்த ரேஷன் எண்ணெய் இதில் இருபத்தைந்து நாளைக்குத்தான் வரும்.

குண்டானைப் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினாள். தகடு வெட்டும் ராஜம்மா அடியைத் தொட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

"இன்னாடி, இதுல ரயிலு வுட்டியா?"

கோதண்டம் சிரிக்கவில்லை. "உத்தரவுல குண்டான்னு எழுதிக்கீதா?"

"இல்ல மொதலாளி."

"அப்போ கம்முனு இரு."

ஜூலை பதினொன்றாம் தேதி சென்னையில் ஆட்சேபம் கேட்கும் கூட்டம். சோதனை பார்த்தவரும் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. பஸ்ஸில் அவள் மடியிலிருந்த பையைக் கோதண்டம் பார்த்தார்.

"இன்னாது அது, சோறா?"

"சோத்துக் குண்டான்."

"அங்கயே கேன்டீன் கீதேம்மா."

கூட்டத்தில் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் ஐம்பத்தைந்து போதும் என்றார்கள். தண்டலத்தின் முறை வந்ததும் கோதண்டம் எழுந்தார்.

"ஆட்சேபம் இல்லைங்க. எங்களுக்கு அறுவத்தொண்ணு வருது."

"பாத்தீங்களா, சின்னப் பட்டறையாலேயே முடியுது" என்றார் அதிகாரி மற்றவர்களிடம்.

மரகதம் எழுந்தாள். கோதண்டம் பல்லுக்கிடையில் "குந்து" என்றார். அவள் பையோடு முன்னே போய்க் குண்டானை மேஜைமேல் வைத்தாள். உத்தரவின் முதல் பக்கத்தில் கரி வட்டமாகப் படிந்தது. அதிகாரி காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"அறுவத்தொண்ணு சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கம்பி இறக்கிய கதையைச் சொன்னாள். "இறக்குனா பாஸு, ஆனா குண்டான் புகையுது, எண்ணெ கூடக் குடிக்குது. ஏத்துனா குண்டான்ல சோறு நல்லா வேவுது, எங்க அடுப்பு ஃபெயிலு."

அதிகாரிக்குக் கோபமில்லை. பொறுமையாகவே சொன்னார். "எல்லா அடுப்பையும் ஒரே மாதிரிப் பாத்திரத்துல சோதிச்சாத்தாம்மா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும். அதுக்குத்தான் தட்டை அடி. மத்த மாநிலத்திலயும் அதேதான். சரி, உங்க பட்டறை ஆட்சேபிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. எழுதணும்."

கோதண்டம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காத்திருந்தது.

"சொல்றேன் சார்" என்றாள் மரகதம். "உங்க வூட்ல சோறு எதுல வடிக்கிறாங்க?"