ஆசீரின் குறட்டைக்கு ஒரு பெட்டி

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் வள்ளியூருக்கு மொத்தமாகத் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருவார்கள். ஒருவருடைய இருமல் முதலில் வரும், இன்னொருவருடைய பசி வரும், சிலருடைய கோபம் மட்டும் தனியாக வந்து வாசலில் நிற்கும். முதலில் வருவது எங்கே தங்குகிறதோ, மீதி ஆளும் அங்கேதான் வந்து சேருவார். டிக்கெட்டில் வேறு எந்த ஊர் போட்டிருந்தாலும் சரி, அதெல்லாம் எடுபடாது. ஆகவே வருவதை நல்லபடியாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். கிழக்குத் தெருவில் ஒரு மனுஷனுடைய தும்மல் வந்த நேரம் பார்த்து வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தும்மல் என்ன செய்யும், பாவம். மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஆள் இன்றைக்கும் மச்சினன் வீட்டில்தான் இருக்கிறார். பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஜெபக்கனிக்கு வந்தது குறட்டை.

அவள் வாடகைக் கார் ஓட்டுகிறவள். வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும், வருகிறவர்களைப் பெயர் எழுதிய அட்டையோடு நின்று கூட்டி வருவதும்தான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரை வழியனுப்பியவள் அவள்தான். புருஷன் ஆசீரையும் அவளே கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அவன் துபாயில் கட்டடம் கட்டப் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஊரில் எல்லோருடைய தும்மலும் விக்கலும் வந்துகொண்டிருக்க, அவனிடமிருந்து ஒரு கொட்டாவிகூட வரவில்லை. கொட்டாவிக்குக்கூட வழியில்லாத அளவுக்கு என்ன வேலையோ என்று அவள் தனக்குள் திட்டிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது குறட்டை தெருமுனையில் திரும்பி நேராக வீட்டுக்குள் போனது. ஜெபக்கனி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் பின்னாலேயே போனாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்தச் சத்தத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஆசீருடையதுதான். சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கட்டிலில் தலையணையைத் தட்டிப் போட்டாள். ஆனால் குறட்டை கட்டிலில் படுத்ததும் அடுக்களையில் பாத்திரமெல்லாம் ஆட ஆரம்பித்தது. குறட்டை இழுத்தாலும் ஆடியது, விட்டாலும் ஆடியது, நடுவில் கொஞ்சம் நின்றாலும் பாத்திரங்கள் நிற்பதாக இல்லை. எவர்சில்வர் சத்தத்துக்குள்ளே ஆசீரைத் தேட வேண்டியிருந்தது.

அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. பொழுது விடிந்தால் அவள் ரோட்டில் நிற்க வேண்டியவள். கேட்க ஆளில்லாத வீட்டில் ஒரு குறட்டை எத்தனை நாள் இருக்கும்? அடுத்த வீட்டில் ஆள் இருந்தால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் அடுத்த வீட்டுக்காரிதான் ஆசீருக்குச் சோறு போட வேண்டிவரும். அதனால் ஜெபக்கனி குறட்டையைத் தட்டி எழுப்பிக் காரில் ஏற்றினாள். இரண்டு பேருமாக பைபாஸ் ரோட்டிலிருந்த வைகுண்டமணியின் சவுண்டு கடைக்குப் போனார்கள்.

வைகுண்டமணி கார்களுக்கு சப்வூஃபர் பெட்டி செய்கிறவர். அடிச்சத்தம் இல்லாத காரை அவர் காராகவே மதிக்க மாட்டார், மாட்டுவண்டி என்பார். டிக்கியைத் திறந்து, குனிந்து, காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"குடிச்சிட்டு விடுத கொறட்டையா, அசதியில விடுதா?"

"அசதிதான் அண்ணாச்சி. அவிய குடிக்க மாட்டாவ."

"அப்ப அடிச்சத்தம் நெறைய இருக்கும். பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டுருவோம். பொட்டிய மூடிப் போடவா, குழாய் வச்சுப் போடவா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"மூடிப் போட்டா சத்தம் சிக்குன்னு நிக்கும். குழாய் வச்சா தாராளமா வரும், ஆனா காத்து போய்ட்டு வந்துட்டு இருக்கும்."

போய்விட்டு வருவது என்கிற காரியத்தில் ஜெபக்கனிக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. போன ஆளே இன்னும் வந்தபாடில்லை. கிழக்குத் தெருத் தும்மலும் ஞாபகத்துக்கு வந்தது. "ஒரு ஓட்டை இல்லாம மூடிருங்க அண்ணாச்சி," என்றாள். வைகுண்டமணியும் சரியென்று தலையாட்டினார். இத்தனை பெட்டி செய்த மனுஷன் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

வேலையில் அவர் கெட்டி. டிக்கியின் வளைவுக்குத் தக்கபடி பிளைவுட்டை அறுத்துப் பசை போட்டுத் திருகினார். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, அவர் வழக்கப்படி பெட்டி நிறையப் பொரியைக் கொட்டி, அதைப் படியால் அளந்து வெளியே எடுத்தார். ஸ்பீக்கரின் காந்தம் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கென்று இரண்டு கை பொரியைக் கழித்தார். கழித்த பொரியில் நிலக்கடலையைக் கலந்து, டீ வாங்கி, இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு இண்டு இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசி, கறுப்புக் கார்ப்பெட் ஒட்டி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பை மாட்டினார். குறட்டை தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அவர் ஸ்பீக்கரை வைத்துத் திருகி மூடினார்.

முதல் சில நாட்கள் ஜெபக்கனிக்கு சொர்க்கம்தான். பாத்திரச் சத்தம் இல்லை. குறட்டை சீட்டு வழியாக ஏறி அவள் முதுகில் வந்து தங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடி லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏறுகிறவர்கள், "வீட்டுக்காரரா?" என்று கேட்பார்கள். "ஆமா, இப்பதான் வர ஆரம்பிச்சிருக்காவ," என்பாள். புதிதாக துபாய்க்குப் போகிற ஒரு பையன் மட்டும் சீட்டில் உள்ளங்கையை வைத்தபடியே விமான நிலையம்வரை வந்தான்.

அப்புறம்தான் அவள் கவனித்தாள். குறட்டை மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இழுக்கவே இல்லை. கார் வேறு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டு வந்தது. களியக்காவிளை ஏற்றத்தில் முதல் கியரில்தான் ஏறியது. டயருக்குக் காற்றடிக்கிறவர், "டிக்கியில என்னம்மா, அம்மிக்கல்லா?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஆசீர் போனில் கூப்பிட்டான். காரில் ஒரு பெரியவர் முன்சீட்டில் இருந்தார். ஆசீர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசினான். அதனால் அவன் சொன்னதில் பாதி அவனிடமே திரும்பிப் போனது.

"ஜெபா, மூச்சு உள்ள போவுது. வெளிய வரமாட்டேங்கு."

"எப்பருந்து?"

"கொஞ்ச நாளாவே. ஒடம்புல எடையே இல்ல பாத்துக்க. தரையில காலு பாவ மாட்டேங்கு. சிமெண்ட் மூட்டையில என்னைக் கட்டிப் போட்டிருக்காவ. கம்பெனியில லீவு குடுத்துட்டான், ஆனா ஏர்போர்ட்ல தராசுல நின்னா முள்ளு அசையல. எடை இல்லாத ஆள ஏத்த மாட்டோம்னுட்டான்."

"கயிறு நல்ல கயிறா?"

"நல்ல கயிறுதான். ஆனா நான்தான் ஏறிக்கிட்டே இருக்கேனே."

ஜெபக்கனி காரை ஓரங்கட்டினாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒரு ஆளின் மூச்சில் விடுகிற பாதியைத் தான் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாள், இழுக்கிற பாதியை வைத்துக்கொண்டு அவன் அங்கே ஊதிக்கொண்டிருக்கிறான். கயிறு அறுந்தால் அவன் துபாயிலும் இருக்க மாட்டான், வள்ளியூருக்கும் வர மாட்டான். பெட்டி செய்த கதையை அவனிடம் சொல்லிப் போனை வைத்தவள், எட்டு வருஷம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். முன்சீட்டுப் பெரியவர் அவள் அழுது முடிக்கும்வரை இருந்து, "போவோமா தாயி?" என்றார். அவரை இறக்கிவிட்டுவிட்டு நேரே பைபாஸ் ரோட்டுக்கு விட்டாள்.

வைகுண்டமணி பெட்டிமேல் காதை வைத்தார். முகம் சுண்டிப்போனது.

"நாசமாப் போச்சு. பாட்டுக்குத்தான் மூடுன பொட்டி. கொறட்டைன்னா ரெண்டு பக்கமும்லா? நீங்க கேட்டியன்னு நானும் மூடிட்டேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும்."

"இப்ப என்ன செய்ய?"

"குழாய் வைக்கணும். ஆனா குழாயோட நீளம் சரியா இருக்கணும். கூடிப்போனா மூச்சு துபாய்க்கே திரும்பிரும். கொறஞ்சா ரோட்டுல எறங்கிரும்." பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூச்ச உள்ள இழுத்துட்டு, வெளிய விடுததுக்கு முன்னால அவிய எம்புட்டு நேரம் நிப்பாவ? அதச் சொன்னாப் போதும், நான் வெட்டிருவேன்."

கல்யாணமான புதிதில் அந்த இடைவெளியில் ஜெபக்கனி செத்துப் பிழைப்பாள். மூச்சு போனது போனதுதானோ என்று இருட்டில் விழித்துக்கொண்டு கிடப்பாள். அப்படிப் பயந்த நேரத்தின் நீளம் இப்போது அவளிடம் இல்லை. குறட்டை வீட்டுக்கு வந்தபோது பாத்திரங்கள் அதை மறைத்துவிட்டன, பெட்டிக்குள் போனபின் அது இல்லவே இல்லை.

"மறந்துட்டேன் அண்ணாச்சி," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கட்டின புருஷனுடைய மூச்சு, அதைப் போய் மறப்பார்களா?

"அவசரப்படாதிய. அப்ப நீங்க என்ன செய்வியன்னாவது ஞாபகம் இருக்கா?"

அது இருந்தது. "கைய நீட்டி அவிய முதுகத் தொடுவேன். தொட்டதும் மூச்சு வந்துரும்."

"அப்ப அதான் நீளம்," என்றார் வைகுண்டமணி.

பெஞ்சின்மேல் கிடந்த மரத்தூளைத் துடைத்துவிட்டார். ஜெபக்கனி ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். கையை முழுசாக நீட்டவில்லை, கட்டில் அவ்வளவு பெரிய கட்டில் இல்லை. முழங்கையை மடித்து, புறங்கையைக் கொஞ்சம் தூக்கி, விரலை மட்டும் முன்னால் விட்டாள். கை தானாகவே ஓரிடத்தில் நின்றது. அதற்குமேல் நகர மாட்டேன் என்றது. வைகுண்டமணி முழங்கையிலிருந்து விரல்நுனிவரை குழாயை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டில் அறுத்தார்.

பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினார். இருவரும் காத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. குறட்டை மூச்சு விடுவதையும் நிறுத்தியிருந்தது.

"நின்னுட்டு அண்ணாச்சி."

"நின்னா என்ன செய்வியளோ அதச் செய்யுங்க."

வலது கையால் டிக்கியைப் பிடித்துக்கொண்டு, ஜெபக்கனி இடது கையைக் குழாய்க்குள் விட்டாள். முழங்கைவரை போனது. விரல்நுனியில் முதுகு பட்டது. வியர்த்திருந்தது, வேர்க்குரு இருந்தது, நடு எலும்பு முன்னைவிடத் துருத்திக்கொண்டிருந்தது. மெலிந்துவிட்டான். அவள் உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்தாள். பெட்டிக்குள் ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது. கடையில் தொங்கிய வயர்களெல்லாம் ஒரு தடவை ஆடி அடங்கின. கார் டயர்களின்மேல் மெல்ல நிமிர்ந்தது. ஆமாம், இவ்வளவு நேரம்தான் நிற்பான் என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இதான் அடிச்சத்தம்," என்றார் வைகுண்டமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் விலகியதும் டிக்கியை மூடினார்.

ஜெபக்கனி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கியர் போடப் போனபோது போட முடியவில்லை. இடது முழங்கைக்குக் கீழே சுடிதார் கை காலியாக மடங்கிக் கிடந்தது. அதே நேரம் போன் அடித்தது. வலது கையால் எடுத்தாள்.

"கை வந்துட்டு," என்றான் ஆசீர். முழு மூச்சோடு பேசினான். கால் தரையில் இருக்கிற ஆளின் பேச்சு. "எங்க வைக்கட்டும்? பொட்டி ஏதும் செய்யணுமா?"

"வேண்டாம். முதுகுலயே இருக்கட்டும்."

"கையில கெடக்க வாட்ச்சு நம்ம ஊர் நேரம் காட்டுது. மாத்தவா?"

"மாத்தாதிய," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைகுண்டமணி ஜன்னல் பக்கம் வந்து காலியான கையைப் பார்த்தார். ஜெபக்கனி விமான நிலையத்தை யோசித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய மீதி இந்தக் காருக்கு வரும். கை அங்கே தங்கிவிட்டதால் அவளுடைய மீதி துபாய்க்குப் போகும். போகிற வழியும் வருகிற வழியும் அங்கே ஒரே கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்தான்.

"அண்ணாச்சி, மிச்சப் பிளைவுட்டுல சின்னதா ஒரு போர்டு வெட்டித் தாங்க. பேர் எழுதணும்."

"யார் பேர?"

"ஒரு பக்கம் அவிய பேரு, மறுபக்கம் என் பேரு. ரெண்டு பேரும் எதிரெதிராத்தான வருவோம்."

வைகுண்டமணி ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு மையால் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டுவந்து பின்சீட்டில் காய வைத்தார். கடையைப் பூட்டிவிட்டு முன்பக்கம் இடதுபுறம் ஏறி உட்கார்ந்தார். ஜெபக்கனி கிளட்சை மிதித்து, "ஒண்ணு," என்றாள். அவர் ஒன்றாம் கியர் போட்டார். திருவனந்தபுரம் ரோட்டுப் பாலம் தாண்டியதும் "ரெண்டு" என்றாள்.