கண்ணுக்குக் கீழே அக்கா

காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு வந்த சோயா, வருகைப் பதிவு எந்திரத்தின் முன்னால் முகத்தைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. எந்திரம் சொன்னது: “நன்றி, ஃபஹீமா.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபஹீமா, சோயாவின் அக்கா. பல்லாவரத்தில் இதே கம்பெனியில் தோல் கையுறை தைத்தவள். செத்து நான்கு மாதம் ஆகிறது.

வாட்ச்மேன் பொன்னுரங்கம் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். “இன்னாம்மா இது, காத்தால பேஜார் பண்ணுது மெஷினு. மறுபடி காட்டு.”

காட்டினாள். “நன்றி, ஃபஹீமா. உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகிவிட்டது.”

“நீங்க ஏண்ணா நடுங்குறீங்க? எங்க அக்கா உசுரோட இருந்தப்பவே உங்கள ஒண்ணும் பண்ணலையே” என்றாள் சோயா.

இருவருமே முக்காடு போடுகிறவர்கள். எந்திரத்துக்குத் தெரிவதெல்லாம் கண், மூக்கு, வாய். அக்காவின் முகத்தை அதில் பதிவு செய்தது ஆர்டர் நெருக்கிய ஒரு மாதத்தில். தினமும் இரண்டு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். அப்படிப் பல வருஷம் பார்த்த ஓவர்டைம் காசில்தான் சோயா பி.காம். முடித்து, இதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா போனபிறகு சோயாவுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. அந்தப் பள்ளம் அப்படியே வந்து தங்கை முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வாரம் இதே கதை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஜன்னல் கண்ணாடியில் அக்கா எதிரே உட்கார்ந்து வந்தாள். வீட்டில் அம்மா இவள் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

எச்.ஆர். ஸ்ரீவத்சனின் அறைக்குப் போனாள்.

“புதுசா போட்டோ எடுத்தும் பாத்தாச்சு, மூணு தடவை” என்றான் அவன். “இந்த முகம் ஏற்கெனவே இருக்குன்னு தள்ளிடறது.”

“அக்கா பேரைத் தூக்குங்க சார். செத்தவ பேரு எதுக்கு?”

“அவங்க செட்டில்மென்ட் ஃபைல் ஹெட் ஆபீஸ்ல பெண்டிங். அதுவரைக்கும் சிஸ்டத்துல லீவுன்னு வெச்சிருந்தேன். நீங்க மூஞ்சியக் காட்டினதும் டியூட்டிக்குத் திரும்பிட்டாங்கன்னு அது எடுத்துண்டது. ஆப்சென்ட் உங்களுக்கு விழறது. எத்தனை நாள் நான் கையால திருத்தறது? மூணு நாள் விட்டா அதுவே லெட்டர் அனுப்பிடும், வேலை போனா என்னைக் கேக்காதீங்க.” அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். “தப்பா நெனைக்காதீங்க. கண்ணுக்குக் கீழ ஏதாவது பண்ணிக்கலாமே? இப்பல்லாம் குரோம்பேட்டைலயே எல்லாம் வந்துடுத்து.”

அக்கா காய்ச்சலோடு இதே அறையில் நின்று லீவு கேட்டபோது, “இந்த ஆர்டர் போகட்டும்மா” என்று சொன்னவனும் இவன்தான். அன்று மத்தியானம் அவள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்தாள். மூன்றாம் நாள் மௌத்தானாள்.

அக்காவின் தோட்டை விற்ற பணத்தோடு சோயா குரோம்பேட்டைக்குப் போனாள்.

தோல் டாக்டர் ஜெயஸ்ரீ அவளை மேலே பார்க்கச் சொல்லி, இமைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். “சிலருக்குக் கொழுப்பு முன்னால தள்ளிப் பை மாதிரி தொங்கும். அதுக்கு ஆபரேஷன். உங்களுக்குப் பை இல்லம்மா, பள்ளம்தான். ஃபில்லர்னு ஒரு ஜெல், ஊசியால நிரப்பலாம். ஒரு வருஷம் போல நிக்கும். வீங்கும், கன்னிப்போகும். ரொம்ப அபூர்வமா ரத்தக் குழாய்க்குள்ள போச்சுன்னா பார்வைக்கே ஆபத்து. அதனால அவசரப்படாதீங்க. பிடிக்கலேன்னா கரைக்கவும் ஊசி இருக்கு. ஆனா முதல்ல நல்லா தூங்குங்க, சாப்பிடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

“தூங்குனா மெஷினுக்கு என் பேர் தெரிஞ்சிடுமா டாக்டர்?”

டாக்டருக்குப் புரியவில்லை. சோயா விளக்கவும் இல்லை. ஊசிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீக்கம் வடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். “நன்றி, சோயா” என்றது எந்திரம். பொன்னுரங்கம் எந்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ரயில் கண்ணாடியில் வெறும் சோயாதான் இருந்தாள். அன்று படுத்தவள் விடியும்வரை புரளவில்லை. அம்மாவும் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பதிவுத் தபால் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சோயாதான் பிரித்தாள்.

‘ஃபஹீமா அவர்களுக்கு. தாங்கள் மூன்று நாட்களாகத் தகவலின்றிப் பணிக்கு வரவில்லை. உடனடியாக நேரில் வந்து விளக்கம் அளிக்கத் தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே ஸ்ரீவத்சனின் முத்திரை.

“யாருக்குடி?” என்றாள் அம்மா.

“அக்காவுக்கு. மூணு நாளா வேலைக்கு வரலியாம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாள்.

“அப்போ அதுவரைக்கும் போய்க்கினு இருந்தாளா?”

சோயா கண்ணுக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நீதான் நிறுத்திட்டியா?”

சோயா அப்புறம் தூங்கவில்லை. திங்கட்கிழமை லீவு எழுதிப்போட்டுவிட்டு மறுபடி குரோம்பேட்டைக்குப் போனாள்.

“ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?” என்றார் டாக்டர்.

“நல்லா வந்திருக்கு டாக்டர். கரைச்சிடுங்க.”

ஊசி போட்ட வீக்கம் வற்ற மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலை அக்காவின் பழுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு எந்திரத்தின் முன்னால் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது.

“நன்றி, ஃபஹீமா.”

“அய்யோ, திரும்ப வந்துட்சா?” என்றார் பொன்னுரங்கம்.

“வரச் சொல்லி லெட்டர் போட்டிருக்காங்களேண்ணா.”

ஸ்ரீவத்சனின் கதவைத் தட்டாமல் திறந்தாள். கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள். யாரென்று நிமிர்ந்தவன், எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அவன் கையிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது.

“விளக்கம் கேட்டிருந்தீங்களே சார்” என்றாள். “காய்ச்சல் சார் எனக்கு. லீவு கேட்டேனே.”