குலசிங்கத்தாரின் இன்ரநெற் குலுக்கல்

மனிதகுலம் கள்ளத்தை வென்ற நாள் 1998 மார்ச் 15 என்று கனடா ஊர் ஒன்றியத்தின் தலைவர் குலசிங்கம் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்தார். அன்றுதான் ஸ்காபரோ மண்டபம் ஒன்றில் உலகத் தமிழரின் முதலாவது இன்ரநெற் அதிர்ஷ்டக் குலுக்கல். முந்தின வருடம் வாளிக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தபோது தொலைக்காட்சிப் பெட்டி அவருடைய மனைவிக்கே விழுந்ததைப் பிரசுரம் சொல்லவில்லை.

இம்முறை குலுக்கல் முடிந்த கையோடு தலைவர் தேர்தல். மறுபடி சந்தேகம் கிளம்பினால் நாற்காலி செயலாளர் இராசரத்தினத்திடம் போய்விடும். ஆகவே, கணினி நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட யோகராணியைப் பிடித்தார். அவள் இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்து ஒரு கணினிப் பக்கம் செய்தாள். பெயர்ப்பட்டியல், ஒரு பொத்தான். பொத்தானை அமத்தினால் தற்செயலாக ஒரு சீட்டு வரும்.

"பிளொப்பியிலை கொண்டுவாறன் அண்ணை. இன்ரநெற் தேவையில்லை."

"பிளொப்பியோ? இன்ரநெற் எண்டு அடிச்சாச்சு பிள்ளை. இனி அங்கையிருந்துதான் வரவேணும்."

பக்கம் ஓர் இலவச இணையத் தளத்தில் ஏறியது. மண்டபத்துச் சமையலறைத் தொலைபேசியின் வயரை மேடைவரை இழுத்து ஒட்டுவதென்றும் முடிவாயிற்று.

ஐந்நூறு சீட்டும் விற்றுத் தீர்ந்ததாகத் தலைவர் அறிவித்திருந்தார். விற்காத புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பது தலைமைக்கு இழுக்கு. அதனால் மிஞ்சியவற்றிலெல்லாம் தம் குடும்பத்தார் பெயர்களைத் தாமே எழுதி நிரப்பிவிட்டார். பட்டியலைத் தட்டச்சுச் செய்த யோகராணி அவரை அழைத்தாள்.

"அண்ணை, உதிலை அரைவாசிக்கு மேலை உங்கட வீட்டுப் பேர்தான் கிடக்கு."

"கிடந்தால் என்ன? கொம்பியூட்டருக்கு என்ர ஆக்களைத் தெரியுமோ?"

"தெரியாது. அதுதான் சொல்லுறன்."

"தெரியாதெல்லே? பிறகென்ன! அது பாரபட்சம் பாராது."

குலுக்கல் நாளன்று அறிவியலின் மாண்பைப் பற்றித் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். தொலைபேசி வழியே இணையத்தைப் பிடிக்கும் மோடம் கீச்சிட்டபோது, சபையோர் கேட்டு இன்புற ஒலிவாங்கியை அதன் அருகே பிடித்தார். தூரத்து விட்பி நகரிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் யாரோ ரோல்ஸ் போதாதென்று கடைக்கு அழைக்கத் தொலைபேசியை எடுக்க, இணைப்பு அறுந்தது. மறுபடி கீச்சிடல், மறுபடி ஒலிவாங்கி.

தலைவர் கண்ணை மூடிப் பொத்தானை அமத்தினார். யோகராணி வாசித்தாள்:

"பரிமளம் குலசிங்கம்."

தொலைக்காட்சி ஏற்கெனவே வைத்திருந்த அதே மனைவி.

"இது ரெஸ்ற், சும்மா சோதனை," என்றார் தலைவர். மறுபடி அமத்தினார். அவருடைய மகன் மிதுனன் வந்தான்.

"உதுவும் ரெஸ்ற்றோ அண்ணை?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"லைன் பழுது!" என்று தலைவர் மறுபடி அமத்தினார். மூன்றாம் முறை வந்த பெயர் நாகமுத்து.

"ஆரது? மேடைக்கு வரச்சொல்லுங்கோ," என்றார் இராசரத்தினம், வெகு பணிவாக.

"அவ என்ர மாமி. இன்னும் விசா கிடைக்கேல்லை," என்றார் தலைவர்.

மண்டபம் சிரித்து ஓய ஐந்து நிமிடமாயிற்று. தேர்தலுக்கு அதற்குமேல் நேரம் செல்லவில்லை. இராசரத்தினத்துக்கு எழுந்த கைகளை எண்ணுவதை யோகராணி பாதியில் விட்டுவிட்டாள்.

குலசிங்கத்துக்கு இரண்டு கைகள் எழுந்தன. இரண்டும் அவருடையவை.