இருநூறு என்று நான் வைத்த எல்லை

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை, எப்போது மணி அடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைப்பது. டிஸ்க் இவ்வளவு நிரம்பினால் அடி, நெட்வொர்க் இவ்வளவு மந்தமானால் அடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. தாண்டினால் சுவரில் உள்ள பெரிய திரையில் அந்தக் கட்டம் சிவப்பாகும்; என் போனும் மேலதிகாரியின் போனும் கத்தும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை சார். திரையில் வேறு நிறத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அதிகம் உயிரை எடுத்தது லேப் வரிசை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் லேபிலிருந்து எங்கள் சர்வருக்கு வந்து, வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக வார்டுகளுக்குப் போகும். இருபதுக்கு மேல் நின்றால் மணி அடிக்கும்படி எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலை பத்து மணிக்கு எல்லாம் கூட்டமாக வரும். நூற்றைம்பது நிற்கும், ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும். அதற்குள் பச்சை சார் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"என்னப்பா, தினமும் பத்து மணியானா ஒப்பாரி?"

"கூட்டம் சார். தானா சரியாயிடும்."

"தானா சரியாவுறதுக்கு எதுக்கு மணி?"

நியாயமான கேள்விதான். ஒரு வாரம் உட்கார்ந்து குறித்தேன். மிக அதிகமாக நின்றது நூற்று எழுபத்தெட்டு. எல்லையை இருநூறாக்கினேன். அன்றிலிருந்து திரை பச்சைப் பசேல். பச்சை சார் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் தலைக்கனம் ஏறியது, மறைப்பானேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். மகளை வயிற்று வலி என்று எங்கள் ஆஸ்பத்திரியில்தான் காலையில் சேர்த்திருந்தாள்.

"ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தாங்கடா. இன்னும் ரிசல்ட் வரல. அதைப் பாத்துத்தான் ஆபரேஷனா மாத்திரையான்னு சொல்வேங்கிறார் டாக்டர். இவ சுருண்டு கிடக்கா."

நான் சுவரைப் பார்த்தேன். முழுக்கப் பச்சை.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குக்கா. லேப்லதான் தூங்குறாங்க. இரு, போய் ஒரு பிடி பிடிக்கிறேன்."

வேலிக்கு ஓணான் சாட்சி. நான் வைத்த எல்லையை நான் வைத்த திரையில் பார்த்து நானே சொன்ன தீர்ப்பு அது.

லேபில் இருந்த அம்மாள் என் சத்தத்துக்கெல்லாம் அசையவில்லை. தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பத்து பத்துக்கு அனுப்பியாச்சு, பாருங்க. காலையிலேர்ந்து எல்லா வார்டுலேர்ந்தும் போன். உங்க ரூமுக்குச் சொன்னேன். 'இங்க பச்சையா இருக்கு, உங்க மெஷினைப் பாருங்க'ன்னு உங்க சார் வச்சுட்டார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பச்சை சாரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அதே வசனத்தைத்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் நானும் அக்காவிடம் பேசியிருந்தேன்.

ஓடி வந்து வரிசையைத் திறந்தேன். நூற்று நாற்பத்து மூன்று முடிவுகள் நின்றன. வரிசையின் முதலில் நின்ற ஒன்று பழுதாகி, தானும் போகாமல் பின்னால் இருப்பவற்றையும் போகவிடாமல், பத்து மணி நான்கு நிமிடத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. இருநூறைத் தொடவே இல்லை. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேனே தவிர, முதல் ஆள் எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று பார்க்கச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவனுக்குக்கூடத் தெரிந்த வித்தியாசம்.

பழுதானதை ஓரம் கட்டினேன். மற்றவை மூன்று நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. ஒரு மணிக்குப் பிள்ளைக்கு ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றாராம் டாக்டர்.

முதல் முடிவு பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மணி அடிக்க வேண்டும் என்று மாற்றிவைத்தேன்.

"அடிக்கடி அடிக்குமா?" என்றார் பச்சை சார்.

"நின்னா அடிக்கும் சார்."

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா சுற்றியிருந்தவர்களிடம் என் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கணவருக்குத் துணையிருந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புண்ணியத்துல எங்க ரிசல்ட்டும் வந்துச்சு தம்பி. காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. எங்களுக்கெல்லாம் ஓடிப்போய்க் கேக்க இங்க யாரு இருக்கா?"

எனக்குக் கூசிப்போயிற்று. அக்காவை வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இருநூறையும் சொன்னேன். சின்ன வயதில் நான் எதை உடைத்தாலும் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதவள் அவள்.

"பாப்பா பொழச்சிட்டா. அதனால உன்னைத் திட்ட வாய் வரல" என்றாள். பிறகு வார்டுப் பக்கம் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லிட்ட. அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

சட்டைப் பையில் இருந்த போன் அப்போது அடித்தால் தேவலை என்றிருந்தது. அடிக்கவில்லை. நான் உள்ளே போய், பக்கத்துக் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.