தேதி உரிந்துபோன பன்னிரண்டு கேசட்டுகள்

எங்கள் ராக் குழுவின் நாற்பதாம் ஆண்டுக்குப் பழைய கச்சேரிகளையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கப்போகிறார்களாம். கேசட்டுகள் பன்னிரண்டும் என் வீட்டுப் பரணில்தான் கிடந்தன. ஈரத்தில் லேபிள்கள் உரிந்துவிட்டன. தேதி வரிசை வேண்டுமென்று ஒலிப்பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

நாலு நாள் கேட்டேன். எல்லாவற்றிலும் அதே பாட்டுகள், அதே வரிசை. என் டிரம்ஸ் எங்கேயும் ஒரே மாதிரிதான் அவசரப்படுகிறது. காது புளித்துவிட்டது.

ஐந்தாம் நாள் மனைவியையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். அன்றெல்லாம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பதிவு செய்தவள் அவள்தான்.

"பாட்டையெல்லாம் தள்ளிடுங்க. நடுவுல வர்ற இடைவெளிய மட்டும் போடுங்க" என்றாள்.

இடைவெளிகளில் அவள் குரல் விழுந்திருந்தது. ஒன்றில், "அதுக்குள்ள முடிச்சிட்டாங்களா?" இன்னொன்றில், "இன்னும் எத்தனை பாட்டு இருக்கு?" வேறொன்றில் வெறும் கொட்டாவி. சலிப்பு கூடக் கூட ஒலிப்பதிவாளர் சிரிக்காமல் அடுத்தடுத்த எண் போட்டுக்கொண்டே வந்தார். அரை மணி நேரத்தில் பதினொன்று வரிசைக்கு வந்துவிட்டன.

மிச்சமிருந்த ஒன்றில் அவள் குரலே இல்லை. ஏழாம் பாட்டு பாதியில் நின்றது.

"டேப் போயிடுச்சு போல" என்றார் அவர்.

"டேப்புக்கு ஒண்ணும் இல்ல. இதுதான் கடைசி" என்றபடி அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நான்தான் நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது."