பச்சை நூல் சுற்றிய தொட்டில்

மையத்தில் எல்லோரும் அவளைப் படியேறி என்றுதான் கூப்பிடுவார்கள். இளம் தாய்மாருக்கு உதவி செய்யும் அந்த மையத்தில், வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருவது அவள் வேலை. அவள் பங்குக்கு வாய்த்த வீடு ஒன்றுகூடத் தரைத்தளத்தில் இல்லை. பதினோரு வருட உழைப்பில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று மூன்றாவது மாடி. அங்கே இருப்பவளை மையத்தில் குட்டியம்மா என்பார்கள். பத்தொன்பது வயது, எட்டு மாதப் பெண் குழந்தை, துணைக்கு ஈ காக்கை கிடையாது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். குழந்தைக்கு மையத்தின் காப்பகத்தில் இடம் கிடைத்தால்தான் அது நடக்கும். இருப்பது ஒரே இடம், கேட்டு நிற்பது ஒன்பது பேர். படியேறியின் படிவத்தில் இருபது கேள்விகள். கஷ்டம் கூடக் கூடப் புள்ளி கூடும், முதலில் பன்னிரண்டைத் தொடுபவளுக்கு இடம்.

போவதற்கு இரண்டு நாள் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. மரியாதைக்காக வைத்த விதிதான். ஆனால் சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடுதான் அழுக்காக இருக்கும்? குட்டியம்மா வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஜன்னல் ஓரமாக மரத்தொட்டில் ஒன்று, உடைந்த ஒரு கம்பிக்குப் பச்சை நூல் சுற்றி. எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. எத்தனை தொட்டிலைத்தான் நினைவில் வைப்பது என்று படியேறி விட்டுவிட்டாள்.

தூக்கம் வருகிறதா, சாப்பாட்டுக்குக் குறைவில்லையா, மனசு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், நல்லாத்தான் இருக்கு என்று. கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கருவளையத்தை வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் பெண். புள்ளி நான்கு. தனித் தொட்டில் உண்டா என்ற கேள்விக்கும் 'உண்டு' என்று படியேறி குறித்தாள்.

அப்போது குழந்தை சிணுங்கியது. குட்டியம்மா அவசரமாக அதைத் தொட்டிலில் விட்டாள். அது வீறிட்டு அலறிய அலறலில் சுவர் அதிர்ந்தது. வேறு வழியில்லாமல் தரையில் இறக்கிவிட்டாள். குழந்தை நேரே கதவுக்குப் பின்னால் தவழ்ந்து போய், பழைய கோட்டு விரித்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஏறிப் படுத்து விரலைச் சூப்பியது.

இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டில் இல்லைன்னு சொன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களாக்கா?"

படியேறி பேனாவைக் கீழே வைத்தாள். உதவி கேட்டதற்காகப் பிள்ளையைப் பறித்ததை அவள் பார்த்ததில்லை. வேறு காரணங்களுக்காகப் பார்த்திருக்கிறாள்.

"நல்லா இருக்குன்னு நீ சொன்னா, நான் அப்படியே எழுதிட்டுப் போயிடுவேன்மா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

குட்டியம்மா அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. "முடியலக்கா," என்றாள். அப்புறம் மடை திறந்தது. முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். புள்ளி பதினான்கில் நின்றது. இடம் உனக்குத்தான், திங்கட்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டுவா என்று படியேறி சொன்னதும், அந்தப் பெண் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டில் முதல் மாடித் தையற்காரம்மாவுடையதாம், இரவல். சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். தனியாக எப்படித் தூக்குவாய் என்று படியேறியும் ஒரு பக்கம் பிடித்தாள். முழங்கால் முனகியது.

பாதிப் படியில் தையற்காரம்மாவே எதிரே வந்தாள். படியேறியை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒத்தாசைக்கு வந்த சொந்தக்காரி என்று நினைத்திருப்பாள்.

"இறக்காதீங்கம்மா. அப்படியே நாலாவது மாடிக்கு ஏத்திடுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்கு மையத்துல இருந்து வராங்களாம். பாவம், இந்தக் கட்டடத்துக்கே இந்த ஒரு தொட்டில்தான்."

படியேறி கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பச்சை நூல். போன மாதம் இரண்டாவது மாடியில். அதற்கு முன்னால் ஐந்தாவது மாடியில், இரட்டைக் குழந்தைக்காரி வீட்டில். போன வருடம் மூலை வீட்டில். எல்லா வீட்டிலும் 'உண்டு' என்று அவள்தான் குறித்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவள்தான் எழுதி, அவள் கையாலேயே கோப்புகளை மூடினாள்.

குட்டியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தையற்காரம்மா பதிலுக்காக நின்றாள்.

"நாளைக்கு வரப்போறது நான்தாம்மா," என்றாள் படியேறி. "இது இங்கேயே இருக்கட்டும். நான் இப்பவே மேல போறேன்."

தொட்டிலைப் படியிலேயே வைத்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.