இடப்பக்கத்து வலி இருந்த சாடி

மிஜோ மீன்பிடித் துறையில் ஓக்ரிமின் விலாவலி ஒரு மண்சாடியில் இருந்தது. கொல்லையில் சோயாச் சாற்றுச் சாடிகள் நிற்கும் மேடையில், பின்வரிசையில் ஓரமாக அதை மூடி வைத்திருந்தாள். துறையில் பாதிப் பேருக்கு அது தெரியும். அவள் புகுந்த வீட்டாருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் அந்த வீட்டார் என்றைக்குமே கெட்டிக்காரர்கள்.

விலா முறிந்தபோது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. படியில் விழுந்துவிட்டாள் என்று மாமியார் மல்சுன் ஆஸ்பத்திரியில் சொன்னாள். நெத்திலிப் படகில் வலையை உதறி மீன் உதிர்க்கிறவனான கணவன் தேக்வோன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். தரையோடு தரையாகக் கட்டிய அந்த வீட்டில் படியே கிடையாது. அது டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பார்க்க வந்த அத்தனை பெண்களும் பழச்சாற்றுப் பெட்டியை வைத்துவிட்டுப் படியைத்தான் திட்டினார்கள். அவர்களில் சிலர் தாங்களும் அதே மாதிரிப் படிகளில் விழுந்தவர்கள். ஓக்ரிம் கணவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்க நினைக்கவில்லை, மன்னிப்பையும் எதிர்பார்க்கவில்லை. இந்த வீட்டில் படி இல்லை என்று வீட்டு ஆள் ஒருவர் வாய்திறந்து சொன்னால் போதும் என்றிருந்தாள். யாரும் சொல்லவில்லை.

விலாவுக்குக் கட்டுப் போட முடியாது, வயிற்றில் பிள்ளை இருப்பதால் வலிமாத்திரையும் தரத் தயக்கமாக இருக்கிறது என்றார் டாக்டர். மூச்சை மட்டும் ஆழமாக இழுத்துவிடச் சொன்னார், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிப் பிள்ளைக்கும் ஆபத்தாகிவிடுமாம். ஆழமாக இழுத்தால் அவளுக்கு உயிர் போனது. அதனால் மீன்சந்தைக்குப் பின்னால் இருந்த ஊசி வைத்தியர் குவாக்கிடம் போனாள். குவாக் மருந்தே கொடுக்கமாட்டார். கையிலும் காலிலும் ஊசி, மாசிப்பத்திரி இலையைக் கொளுத்தி வைக்கும் சூடு, முதுகில் சூடுகாட்டிக் கவிழ்க்கிற கண்ணாடிக் கிண்ணங்கள், அவ்வளவுதான். காய்ந்த கணவாயை மென்றுகொண்டே இருப்பார், பேச்சும் நிற்காது. முதல் நாளே கிண்ணங்களுக்குள் கருப்பாக, கெட்டியாக ஏதோ ஊறி நின்றது. குவாக் அதைப் பாட்டிலில் வடித்து மூடினார்.

"சாக்கடையில கொட்டிராதம்மா. போன வருஷம் ஒருத்தர் தன் இடுப்புவலியப் பேரிக்காய் மரத்தடியில கொட்டினாரு. மரம் இன்னிக்கும் குனிஞ்சேதான் நிக்குது. மண்சாடியில ஊத்தி வை. மண்ணு மூச்சு விடும், பிளாஸ்டிக்னா வெடிச்சிரும்."

ஒவ்வொரு முறையும் வலி கொஞ்சம் குறைந்தது, சாடி கொஞ்சம் நிறைந்தது. இலையுதிர் காலம் வருவதற்குள் எலும்பு கூடிவிட்டது. ஓக்ரிம் முழு மூச்சு இழுத்துப் பெண் குழந்தையைப் பெற்றாள். தேக்வோன் ஆண் பிள்ளை இல்லையே என்று சலித்துக்கொண்டு குடிக்கப் போனான்.

மறு வசந்தத்தில் தேக்வோனின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் சாப்பிட உட்காரமாட்டார்கள். சூப்புக்குப் பல வருஷம் ஊறிய சோயாச் சாறு ஊற்றுவதுதான் மல்சுனுக்குக் கௌரவம். படகுத் தலைவர் வேறு விருந்துக்கு வருவதாக இருந்தது. அவள் மேடையில் ஏறி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, பின்வரிசைச் சாடிக்கு வந்ததும் நின்றாள்.

"இவ்வளவு கருப்பு. எங்க மாமியார் காலத்துச் சாறா இருக்குமோ? எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?"

கொடியில் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓக்ரிம் திரும்பிப் பார்த்தாள்.

"கருப்பா இருந்தா பழசுன்னு நீங்கதானே சொல்லுவீங்க, அத்தே" என்றாள், மீதித் துணியையும் உதறிப் போட்டாள்.

நான்கு பேர் அந்த சூப்பைக் குடித்தார்கள்: தேக்வோன், அவன் அண்ணன், படகுத் தலைவர், மல்சுன். மூன்றாவது கரண்டியில் நால்வரும் ஒரே நேரத்தில் இடது விலாவைப் பிடித்துக்கொண்டார்கள். வலியோடு சாராய நெடி வந்தது. பிறகு மேலே ஏறி அழுத்திய ஒரு முழங்கால். அந்த முழங்கால் தேக்வோனுக்கு நன்றாகத் தெரிந்ததுதான், கீழே கிடந்து பார்த்தது மட்டும் முதல் தடவை. படகுத் தலைவர் தேக்வோனைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தட்டில் வைத்துக்கொண்டார். அண்ணன்தான் முதலில் மூச்சைப் பிடித்துப் பேசினான்.

"பாசி கெட்டுப்போச்சு போல. இல்லன்னா இது ஏதோ படியில விழுந்த மாதிரி..."

மல்சுன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வீட்டுல படி எங்கடா இருக்கு?" என்றாள். "இவளுக்கு இடப்பக்கம். உங்கப்பன் எனக்கு ஒடச்சது வலப்பக்கம்."

ஓக்ரிம் அப்போது அடுக்களை வாசலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்த வார்த்தை கடைசியில் வந்தது, வந்தும் அவளுக்கு சந்தோஷமாக இல்லை. இந்த வலி என்னவென்று இவ்வளவு காலமும் இவளுக்குத் தெரிந்திருந்ததே, தெரிந்துதானே ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னாள் என்று நெஞ்சு எரிந்தது.

சூப்பில் குடித்த வலி இறங்கவே இல்லை. தேக்வோன் இப்போது அரை மூச்சில்தான் வலை உதறுகிறான், எல்லோரும் சேர்ந்து வலையை ஓங்கும்போது அவன் கை ஒரு தாளம் பின்தங்குகிறது. யார் மீதும் கை ஓங்க அவனுக்கு மூச்சு போதவில்லை. திருந்திவிட்டான் என்று துறையில் சொல்கிறார்கள். ஓக்ரிம் அதைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

மல்சுன் தானாகவே குவாக்கிடம் போனாள். அவளுடைய வலப்பக்கத்து வலி நாற்பது வருஷத்துப் பழையது என்பதால் கிண்ணத்தில் இறங்கவே நாளாயிற்று, அதற்குப் பெரிய சாடி தேவைப்பட்டது. இரண்டு சாடிகளும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பெரியதை அவள் வீணாக்குவதில்லை. ஆண்டுதோறும் தன் கணவரின் நினைவுநாளில், செத்தவருக்கென்று படைக்கும் சூப்பில் மட்டும் அதிலிருந்து ஒரு கரண்டி ஊற்றுகிறாள். கும்பிட்டு எழும்போது கிண்ணம் காலியாக இருக்கிறது. மலைச்சரிவில் இருக்கும் அவருடைய கல்லறை மேட்டில் வலப்பக்கம் வருஷத்துக்கு ஒரு சாண் உள்ளே அமுங்குகிறது. பெரிய மகன் அந்த மேட்டில் புல் வெட்டப் போகும்போது இரண்டு கூடை மண்ணும் எடுத்துக்கொண்டு போகிறான்.